கையிருப்பா, கழித்து வந்த மிச்சமா? பி.எஸ்.டி. ஆன்லைன் தளம்: ஒரு மதிப்புரை

ஒரு நாட்டின் எண்ணெய்வித்துக் கையிருப்பு ஐம்பது அறுபது வருடங்களில் எப்படி ஏறி இறங்கியது என்று ஒரே இடத்தில், காசு கொடுக்காமல் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க வேளாண் துறையின் பி.எஸ்.டி. ஆன்லைன் தளத்தை விட்டால் வேறு கதி இல்லை. உற்பத்தி, வழங்கல், பகிர்வு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்த பி.எஸ்.டி. அந்தத் துறையின் அயலக வேளாண் சேவைப் பிரிவு இதை நடத்துகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். 1960-களிலிருந்து நாடு வாரியாக எண்கள் கிடக்கின்றன. சோயா, கடுகு வகை, நிலக்கடலை, சூரியகாந்தி, பருத்திவிதை, கொப்பரை, பனைக்கொட்டைப் பருப்பு என்று ஏழு வித்துகள். அவற்றின் எண்ணெயும் புண்ணாக்கும் தனித்தனியாக.

'இன்ன நாடு, இன்ன வித்து, வருட வாரியாக இறுதிக் கையிருப்பு' என்று கூகுளில் தேடினால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் இந்தத் தளம் அல்ல. இதிலிருந்து எண்களை எடுத்து வரைபடம் போட்டுக் காட்டும் தனியார் பக்கங்கள். எண் அதேதான். ஆனால் எடுத்த தேதி பழசாக இருக்கும், அடிக்குறிப்பு காணாமல் போயிருக்கும். கையிருப்புக் கணக்கில் அடிக்குறிப்பு போனால் பாதி விஷயம் போன மாதிரி. ஏன் என்பது பின்னால் வரும். சிரமம் பாராமல் மூலத்துக்கே போவது நல்லது.

எடுக்கும் முறை

'கஸ்டம் க்வெரி' பக்கத்தில் வித்து, விவரம், நாடு, வருடம் என நான்கைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்துவிடும். வித்துப் பட்டியலில் 'ஆயில்சீட், சோயாபீன்', 'ஆயில், சோயாபீன்', 'மீல், சோயாபீன்' மூன்றும் இருக்கும். அவசரத்தில் 'ஆயில்' என்பதைச் சொடுக்கிவிட்டு, வித்துக் கையிருப்பு என்று எண்ணெய்க் கையிருப்பை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. எண் மிகச் சிறியதாக வந்தால் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

'எண்டிங் ஸ்டாக்ஸ்' மட்டும் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. தொடக்கக் கையிருப்பு, உற்பத்தி, இறக்குமதி, அரைவை, ஏற்றுமதி, உள்நாட்டு நுகர்வு, இறுதிக் கையிருப்பு என ஏழு வரிகளையும் சேர்த்தே இழுக்க வேண்டும். ஒரு வருடத்தின் இறுதிக் கையிருப்பும் அடுத்த வருடத்தின் தொடக்கக் கையிருப்பும் ஒன்றாக இருக்கிறதா என்பது முதல் பரிசோதனை. ஒத்துவரவில்லை என்றால் அநேகமாக வடிகட்டியில் ஒரு வருடம் விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு வேறு வித்துகளின் வரிசைகள் கலந்திருக்கும்.

நிறைய நாடுகளை ஒரேயடியாக எடுப்பவர்களுக்கு 'டவுன்லோடபிள் டேட்டா செட்ஸ்' பகுதியில் எண்ணெய்வித்துகளுக்கென்று ஒரு சி.எஸ்.வி. கோப்பு சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு விவரத்துக்கு ஒரு வரி. குறுக்கே நீளும் அட்டவணை கிடையாது. எக்செலில் பிவட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். விவரங்களுக்கு எண் குறியீடு உண்டு: தொடக்கக் கையிருப்பு 20, இறுதிக் கையிருப்பு 176. பெயரை வைத்து வடிகட்டுவதைவிடக் குறியீட்டை வைத்து வடிகட்டினால் எழுத்துப் பிழை, கூடுதல் இடைவெளித் தொல்லை இல்லை.

அலகு எப்போதும் ஆயிரம் டன். 24,740 என்றால் 2 கோடியே 47 லட்சத்து 40 ஆயிரம் டன். நம் வழக்கப்படி லட்சம் டன்னாக்க 100-ஆல் வகுத்தால் போதும்: 247.4. அமெரிக்கச் செய்திகளோ மில்லியன் புஷலில் பேசும். சோயா ஒரு புஷல் 60 பவுண்டு, அதாவது 27.2155 கிலோ. ஆக ஒரு மில்லியன் புஷல் சுமார் 27,216 டன். மக்காச்சோளத்துக்கு ஒரு புஷல் 56 பவுண்டு. மக்காச்சோளத்துக்குப் போட்ட ஃபார்முலாவை அப்படியே இழுத்துச் சோயாவுக்கும் போட்டால் ஏறக்குறைய 7 சதவீதம் குறைத்துக் காட்டும். வித்தியாசம் கண்ணில் படாத அளவு சிறிது என்பதுதான் இதில் ஆபத்து.

கையிருப்பைத் தனி எண்ணாகப் பார்ப்பதைவிட, மொத்தப் பயன்பாட்டில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் வியாபார வழக்கம். கீழே போட வேண்டியது உள்நாட்டு நுகர்வும் ஏற்றுமதியும் சேர்ந்த தொகை. இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். அரைவை ஏற்கெனவே உள்நாட்டு நுகர்வுக்குள் அடங்கியிருக்கிறது. அதை மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு. 'டோட்டல் டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு வரி இருக்கிறது. பெயரைப் பார்த்தால் மொத்தப் பயன்பாடு மாதிரித் தெரியும். ஆனால் இறுதிக் கையிருப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது, மொத்த வழங்கலோடு சமன் ஆவதற்காக. அதைக் கீழே போட்டால் கையிருப்பு பெருத்த வருடங்களில் விகிதம் நன்றாகவே குறைந்து காட்டும்.

2018 என்றால் எந்த 2018?

இந்தத் தளத்தின் மீது வைக்கக்கூடிய நியாயமான புகார்களில் முதலாவது இது. சி.எஸ்.வி. கோப்பில் சந்தை ஆண்டு, அதாவது ஒரு அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரையிலான ஆண்டு, '2018' என்று மட்டும் இருக்கும். அதன் பொருள் 2018/19. அமெரிக்கச் சோயாவுக்குச் சந்தை ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. ஆகவே '2018'-இன் இறுதிக் கையிருப்பு என்பது 2019 ஆகஸ்ட் கடைசியில் கிடங்குகளில் கிடந்தது. இதை 2018-ஆம் ஆண்டு விலையோடு சேர்த்து வரைபடம் போட்டால் காரணமும் விளைவும் ஒரு வருடம் தள்ளிப்போகும். வரைபடம் போடும் தனியார் பக்கங்கள் பலவும் இந்த ஒற்றை வருட எண்ணையே அச்சடித்து வைத்திருக்கின்றன.

பிரேசிலுக்கு வந்தால் குழப்பம் இன்னும் பெரிது. அங்கே சோயா அறுவடை ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். ஆனால் பி.எஸ்.டி.யின் உலகக் கணக்கில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மட்டும் அக்டோபர்–செப்டம்பர் ஆண்டுக்கு மாற்றி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது பிரேசிலின் 'இறுதிக் கையிருப்பு' செப்டம்பர் 30-ஆம் தேதிக் கணக்கு. அறுவடை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். அடுத்த அறுவடை வர இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கும். இடைப்பட்ட காலத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவின் எண்ணோ அறுவடைக்குச் சற்று முன், கிடங்கு காலியாகும் நேரத்தில் எடுத்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 'பிரேசில் எவ்வளவு சரக்கைப் பதுக்கி வைத்திருக்கிறது பார்' என்பது, தை மாத நெற்குதிரும் ஆடி மாத நெற்குதிரும் ஒன்று என்று நினைக்கிற கதை.

தீர்வும் தளத்திலேயே இருக்கிறது, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். வித்துப் பட்டியலில் 'ஆயில்சீட், சோயாபீன்' என்பதற்கு அருகில் 'லோக்கல்' என்று அடைப்புக்குறி போட்ட இன்னொரு சோயா இருக்கும். அந்தந்த நாட்டின் உள்ளூர்ச் சந்தை ஆண்டுப்படி வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரேசில் அரசின் பயிர்க் கணக்கு நிறுவனமான கோனாப் வெளியிடும் எண்ணோடு ஒப்பிடப் போகிறவர்கள் இந்த வரிசையைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு சோயாவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கூட்டிவிட்டால் பிரேசில் இரண்டாகிவிடும் என்பதையும் சொல்லி வைக்கலாம்.

அமெரிக்கச் சோயா: 92-இலிருந்து 909 வரை

தளத்தின் பலம் தெரிய வேண்டுமானால் அமெரிக்கச் சோயா வரிசையை எடுத்துப் பார்க்க வேண்டும். புஷலில் சொன்னால் புரியும். 2006/07 முடிவில் 574 மில்லியன் புஷல். அதுவரை இல்லாத உச்சம். அடுத்த விதைப்பில் எத்தனால் எரிபொருள் ஆசையில் நிலம் மக்காச்சோளத்துக்குப் போனது. 75 மில்லியன் ஏக்கருக்கு மேல் இருந்த சோயா 65 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. கையிருப்பு 2007/08-இல் 205 ஆகிவிட்டது. அதன் பிறகு ஐந்து வருடம் 138-க்கும் 215-க்கும் இடையிலேயே ஊசலாட்டம். 2012 வறட்சி. 2013/14 முடிவில் 92.

அந்த 92 என்பது மொத்தப் பயன்பாட்டில் இரண்டரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். நாள் கணக்கில் பத்து நாள் சரக்குகூட இல்லை. ஆலைகளின் குழாயிலும் ரயில் பெட்டியிலும் கிடப்பதைக் கழித்தால் விற்பனைக்கு என்று எதுவும் மிச்சம் இருக்காது. உலகத்துக்கே சோயா விற்கும் நாடு அந்த வருடம் 72 மில்லியன் புஷல் இறக்குமதி செய்தது. பி.எஸ்.டி.யில் ஏழு வரிகளையும் சேர்த்து எடுத்தவருக்கு இது இறக்குமதி வரியில் பளிச்சென்று தெரியும். கையிருப்பு வரியை மட்டும் எடுத்தவருக்குத் தெரியாது.

ஐந்தே வருடத்தில் தலைகீழ். 2018 ஜூலை 6 அன்று சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் தீர்வை போட்டது. அந்த வருடம் பார்த்து விளைச்சலும் கொட்டியது. முந்தைய வருடம் 2,100 மில்லியனுக்கு மேல் இருந்த ஏற்றுமதி 1,750 வாக்கில் விழுந்தது. 2018/19 முடிவில் 909 மில்லியன் புஷல். பி.எஸ்.டி.யில் 24,740 என்று இருக்கும் எண் இதுதான். பயன்பாட்டில் 23 சதவீதத்துக்குப் பக்கம், ஏறக்குறைய பன்னிரண்டு வாரச் சரக்கு. அடுத்த வருடம் வசந்த கால மழையில் விதைப்புக் கெட்டு உற்பத்தி 3,550 மில்லியன் வாக்கில் சரிய, கையிருப்பு 525 ஆனது; அதற்கடுத்து சீனா திரும்ப வாங்கியதில் 257. பிறகு 274, 264, 342 என்று மெதுவான நடை.

இந்த எண்களை இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் பி.எஸ்.டி. அல்ல. பின்னால் ஆள் வைத்து எண்ணுகிறார்கள் என்பதுதான் காரணம்.

எண்ணும் கை

அமெரிக்க வேளாண் துறையின் புள்ளிவிவரப் பிரிவான நாஸ், வருடத்துக்கு நான்கு முறை தானியக் கையிருப்பு அறிக்கை போடுகிறது. டிசம்பர் 1, மார்ச் 1, ஜூன் 1, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இருந்த சரக்கு. அறிக்கை வருவது முறையே ஜனவரி, மார்ச் கடைசி, ஜூன் கடைசி, செப்டம்பர் கடைசி. விவசாயிகளின் கிடங்கில் உள்ளது மாதிரிக் கணக்கெடுப்பு. வெளியே எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கு, ஆலை, துறைமுகக் கிடங்குகளில் உள்ளது, தெரிந்த வணிகக் கிடங்குகள் எல்லாவற்றையும் கேட்டு எடுப்பது.

செப்டம்பர் 1 எண்ணிக்கைக்கு மட்டும் தனி மரியாதை. புதுச் சரக்கு அறுவடைக்கு வருவதற்குச் சற்று முந்தைய கணக்கு என்பதால் அதுவே அந்தச் சந்தை ஆண்டின் இறுதிக் கையிருப்பு. அதற்கு முன் மாதாமாதம் வெளிவரும் வாஸ்டி என்ற உலக வழங்கல்–தேவை அறிக்கையில் இருப்பது, இவ்வளவு விளைந்தது, இவ்வளவு அரைத்தது, இவ்வளவு கப்பலேறியது, எனவே இவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்ற கழித்தல். செப்டம்பர் கடைசியில் கழித்தலும் எண்ணலும் நேருக்கு நேர் சந்திக்கும்.

2019-இல் அந்தச் சந்திப்பு எப்படி இருந்தது என்று பார்க்கலாம். செப்டம்பர் வாஸ்டியில் 2018/19 இறுதிக் கையிருப்பு 1,005 மில்லியன் புஷல். செப்டம்பர் 30-ஆம் தேதி நாஸ் எண்ணிக் காட்டியது 913. பண்ணைகளில் 265, வெளியே 648. காணாமல் போன 92 மில்லியனை யாரும் திருடவில்லை. ஏற்றுமதிக்குச் சுங்கக் கணக்கு இருக்கிறது, அரைவைக்கு ஆலைக் கணக்கு இருக்கிறது. இவை இரண்டும் பெரிதாகத் தவறாது. தவறக்கூடியது விளைச்சல் மதிப்பீடு. எனவே 2018 விளைச்சலையே 116 மில்லியன் புஷல் குறைத்து 4,430 பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் வந்த சிறு திருத்தத்தில் 913 என்பது 909 ஆனது. அந்த ஒரே நாள் வித்தியாசமான 92, ஐந்து வருடம் முன் நாட்டின் மொத்த இறுதிக் கையிருப்பாக இருந்த அதே 92.

பி.எஸ்.டி.யில் இந்தக் கதை எதுவும் இருக்காது. திருத்தம் வந்தவுடன் பழைய எண் அழிந்து புதியது அமர்ந்துவிடும். அந்த எண் கடைசியாக எந்த வருடம், எந்த மாத வெளியீட்டில் மாறியது என்று இரண்டு பத்திகள் இருக்கின்றன. எதிலிருந்து எதுவாக மாறியது என்பது கிடையாது. கையிருப்பைக் கொண்டு விலையை அலசுகிறவர்களுக்கு இது பெரிய குறை. 2019 ஆகஸ்டில் சந்தைக்குத் தெரிந்திருந்தது 1,000-க்கு மேல் என்ற எண். 909 என்ற எண் அப்போது உலகத்திலேயே இல்லை. இன்றைய பி.எஸ்.டி.யை வைத்து அன்றைய விலையை விளக்கப் போனால், நாளைய பேப்பரை நேற்றே படித்தவர் மாதிரிக் கெட்டிக்காரத்தனமான முடிவுகள் வரும். அதை நம்பிக் கைப்பணத்தைப் போட்டால் ஒன்றும் வராது. அன்றன்றைய எண் வேண்டுமானால் பழைய வாஸ்டி அறிக்கைகளைத்தான் எடுக்க வேண்டும். 2010 ஏப்ரலிலிருந்து அவை சி.எஸ்.வி.யாகவே துறையின் தலைமைப் பொருளியலாளர் அலுவலகப் பக்கத்தில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவை தனித்தனி அறிக்கைகளாகத்தான் கிடைக்கும். மிகப் பழையவை ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கும். கையால் தட்ட வேண்டியதுதான்.

காலாண்டு எண் வேண்டுவோர் நாஸின் குவிக் ஸ்டாட்ஸ் தளத்துக்குப் போகலாம். அழகில் பி.எஸ்.டி.க்கு ஒரு படி கீழே, ஆழத்தில் இரண்டு படி மேலே. 'சர்வே', 'க்ராப்ஸ்', 'ஃபீல்டு க்ராப்ஸ்', 'சோயாபீன்ஸ்', 'ஸ்டாக்ஸ்' என்று இறங்கி, கால வகையில் 'பாயின்ட் இன் டைம்' எடுத்து, 'ஃபர்ஸ்ட் ஆஃப் செப்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்ணையில் உள்ளது, வெளியில் உள்ளது, இரண்டும் சேர்ந்தது என மூன்று வரிசைகளும் ஒரே பட்டியலில் வருவதால், வடிகட்டாமல் கூட்டினால் சரக்கு இரட்டிக்கும். எண்களில் காற்புள்ளி இருப்பதால் எக்செல் சில சமயம் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மாநில வாரியாக இறங்கினால் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அங்கே கிடங்குக்காரர் ஒன்றிரண்டு பேர்தான். எண்ணைப் போட்டால் யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள். அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவைக்கு 50,000 வரிகளுக்கு மேல் தராது. வருடத்தைப் பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டும்.

ஒரே பருவத்தைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதும் முக்கியம். 2018 டிசம்பர் 1 அன்று சோயா இருப்பு 3,740 மில்லியன் புஷல் வாக்கில் இருந்தது. ஒன்பது மாதத்தில் அதுவே 913. டிசம்பர் குன்று, செப்டம்பர் பள்ளம். இதுதான் ஒவ்வொரு வருடமும் வரும் வடிவம்.

எண்ணாத நாடுகள்

இனி முக்கியமான குற்றச்சாட்டு. பி.எஸ்.டி.யில் அமெரிக்காவின் 24,740-உம் சீனாவின் சமீப வருட நாற்பதாயிரத்துச் சொச்சமும் ஒரே எழுத்துருவில், ஒரே கட்டத்தில், ஒரே துல்லியத்தோடு நிற்கின்றன. முதலாவது எண்ணியது. இரண்டாவது கழித்தது. சீன அரசு தன் சேமக் கிடங்கில் எவ்வளவு சோயா வைத்திருக்கிறது என்பதை வெளியிடுவதில்லை. இறக்குமதி தெரியும், அரைவை ஓரளவு தெரியும், மீதி மிச்சம். அரைவையில் இருபதில் ஒரு பங்கு மதிப்பீட்டுப் பிழை இருந்தாலும் கையிருப்பில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய் உட்காரும். வருடா வருடம் அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஏனென்றால் இந்த வருட மிச்சம்தான் அடுத்த வருடத் தொடக்கம்.

சீனா, பிரேசில், அர்ஜென்டினா மூன்றும் சேர்ந்து உலகச் சோயாக் கையிருப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வைத்திருப்பதாகக் கணக்கு. ஒன்று வெளியிடாத கிடங்கு, மற்ற இரண்டு தேதி மாற்றிய கணக்கு. 'உலகக் கையிருப்பு இவ்வளவு லட்சம் டன் கூடியது' என்ற செய்தியைப் படிக்கும்போது அதில் எண்ணிப் பார்த்த பங்கு எவ்வளவு சிறிது என்பது மனதில் இருக்க வேண்டும். எந்த எண் எண்ணியது, எந்த எண் கழித்தது என்று கட்டத்தின் ஓரத்தில் ஒரு குறி போட்டுவைத்தாலே இந்தத் தளத்தின் மதிப்பு இரண்டு மடங்காகும். அதைச் செய்யாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவும் எண்ணாத நாடுதான். இங்கே சோயாவுக்குத் தொடக்கப் புள்ளியான விளைச்சலே இரண்டு. 2023-24-க்கு மத்திய அரசின் இறுதி மதிப்பீடு 130.62 லட்சம் டன். இந்தூரில் இருக்கும் சோயா ஆலையாளர் சங்கமான சோபா சொன்னது 118.74 லட்சம் டன். 12 லட்சம் டன் வித்தியாசம். அடுத்த வருடம் இடைவெளி இன்னும் அகன்றது: சோபா 125.82, அரசு 150-க்கும் மேல். எந்த எண்ணில் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து, வருடக் கடைசியில் கிடங்கு நிரம்பியும் இருக்கும், காலியாகவும் இருக்கும். சோபாவின் மாதாந்திரக் கணக்கு ஒரு விஷயத்தில் பி.எஸ்.டி.யை விட மேல்: ஆலைகளிடமும், வியாபாரிகளிடமும், விவசாயிகளிடமும் இருப்பதாக மதிப்பிடும் சரக்கு, வரத்து, அரைவை, நேரடி உணவுப் பயன்பாடு எல்லாவற்றையும் மாதாமாதம் சொல்கிறது. பி.எஸ்.டி. சொல்வது வருடத்துக்கு ஒரு புள்ளி.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 ஜூலை–ஆகஸ்டில் சோயா குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியபோது, நாட்டில் எவ்வளவு சரக்கு மிச்சம் என்பதுதான் கேள்வி. எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்த அக்டோபரில் எண்ணெய்க்கும் வித்துக்கும் இருப்பு வரம்பு வந்தது. 2022 பிப்ரவரி ஆணையில் வித்துக்குச் சில்லறைக் கடை 100 குவிண்டால், மொத்த வியாபாரி 2,000 குவிண்டால். வரம்புக்கு மேல் வைத்திருப்பவர் இணையத்தில் இருப்பைத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. இது எண்ணிக்கைக்கு மிக அருகில் வந்த ஒரு ஏற்பாடு. ஆனால் வரம்பு மீறினால் தண்டனை என்று சொல்லிவிட்டு இருப்பைக் கேட்டால் எந்த எண் வரும் என்பது மண்டியில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அமெரிக்காவில் தனிப்பட்டவரின் எண் வெளியே போகாது என்று சட்டத்தில் உறுதி கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். மேலே சொன்ன அந்த 'டி' எழுத்தின் மதிப்பு இங்கேதான் புரியும்.

தமிழ்நாட்டுக்கு அதிகம் வேண்டிய நிலக்கடலை பி.எஸ்.டி.யில் உண்டு, ஆனால் தோலுடன் கூடிய எடையில். நம் வியாபாரம் பெரும்பாலும் பருப்பில். காயிலிருந்து பருப்பு சுமார் 70 சதவீதம் தேறும் என்ற பொதுக் கணக்கில் 0.7-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து இது மாறும். எள் இல்லை. ஆமணக்கும் இல்லை. இரண்டிலும் இந்தியா உலகச் சந்தையின் பெரிய கை என்பதைப் பார்த்தால் இது கவனக்குறைவு மாதிரித்தான் தெரிகிறது. அமெரிக்கத் தீவனக்காரர் கண்ணோட்டத்தில் கட்டிய வீட்டில் நல்லெண்ணெய்க்கு மாடம் வைக்கவில்லை.

இந்தியக் கணக்கின் பின்னணி வேண்டுவோர், டெல்லித் தூதரகத்திலிருந்து அதே அயலக வேளாண் சேவைப் பிரிவு போடும் கெய்ன் அறிக்கைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எண்ணெய்வித்து ஆண்டறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: 'யு.எஸ்.டி.ஏ. அஃபிஷியல்', 'நியூ போஸ்ட்'. முதலாவது பி.எஸ்.டி.யில் ஏறியது. இரண்டாவது டெல்லியில் இருப்பவரின் சொந்த மதிப்பீடு. வாஷிங்டன் ஏற்றுக்கொண்டால்தான் பி.எஸ்.டி.க்கு வரும். செய்திகள் பல சமயம் இரண்டாவதைப் போட்டு 'அமெரிக்க வேளாண் துறை கணிப்பு' என்று எழுதிவிடுகின்றன.

எப்போது பார்ப்பது

வாஸ்டி வெளிவரும் நாளில்தான் பி.எஸ்.டி.யும் புதுப்பிக்கப்படும், பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது வாரம். வாஷிங்டனில் நண்பகல் 12 மணி. நமக்குக் கோடையில் இரவு 9.30, அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் குளிர்காலத்தில் 10.30. அதுவரை அறிக்கை தயாரிப்பவர்களைப் பூட்டிய அறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அன்றிரவு தளம் திணறும். சி.எஸ்.வி. வேண்டுமானால் மறுநாள் காலை எடுப்பதே நிம்மதி. எடுத்த கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து, அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணைத் தளம் பாதுகாப்பதில்லை என்பதால், மாதாமாதம் இப்படிச் சேர்த்து வைப்பதுதான் திருத்தங்களைப் பார்க்க எளிய வழி.

அமெரிக்க அரசு நிதி இல்லாமல் மூடிக் கிடந்தால் தளமும் உறைந்துவிடும். 2019 ஜனவரி வாஸ்டி அப்படித்தான் வரவே இல்லை. 2018 டிசம்பர் 1 கையிருப்பு எண் பிப்ரவரி 8 வரை காத்திருந்தது. 2025 அக்டோபரிலும் வாஸ்டி வரவில்லை. அந்த மாதம் கோப்பை இறக்கியவர்களுக்கும் கோப்பு சரியாகவே வந்திருக்கும், பிழைச் செய்தி எதுவும் இருந்திருக்காது. உள்ளே இருந்தவை செப்டம்பர் எண்கள். மாதப் பத்தியைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.